காரா மலைக் குகையில் செய்த சத்தியம்

குகைக்குள் கால் வைத்ததும் முதலில் தெரிந்தது குளிர்ச்சிதான். வெளியே அரபு நாட்டு ஜூலை வெயில். செருப்பையும் மீறிக் கால் பொசுங்கியது. இரண்டடி உள்ளே போனதுமே வியர்வை அடங்கிவிட்டது. எனக்கு முன்னால் போன மச்சான் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பாறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். "மாப்ளே, ரங்கூன்ல மழைக்காலத்துல ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்குடா" என்றார். அவர் மனம் நிறைந்து சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி. அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்குள் அந்தக் குகையில் அவர் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். பதினைந்து வருடம் அதைக் காப்பாற்றினேன். காப்பாற்றியதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மச்சான் என்று நான் சொல்வது என் மூத்த சகோதரியின் கணவரை. எங்கள் வீட்டில் மூத்த சகோதரியை லாத்தா என்று கூப்பிடுவோம். பாட்டனார் காலத்தில் துணி வியாபாரத்துக்குப் பர்மாவுக்குக் கப்பலேறி வந்தவர்கள் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த சொல் அது. யாங்கூன் என்று இப்போது எழுதுகிறார்கள். வீட்டுக்குள் எங்களுக்கு அது இன்னும் ரங்கூன்தான். மச்சான் ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தார். ஒரு நாள் லீவு கிடைத்தால் வீட்டில் தங்கமாட்டார். கல்யாணமான புதிதில் லாத்தாவைக் கூட்டிக்கொண்டு கிழக்கே பாஆன் என்கிற ஊருக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக் குகைகளைப் பார்த்துவிட்டு வந்தார். புதுமணத் தம்பதிகள் பார்க்கிற இடமா அது என்று எங்கள் உம்மா தலையில் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. லாத்தாவோ வௌவால் கூட்டம் சாயங்காலம் குகையை விட்டுக் கிளம்பியதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "புகை போன மாதிரி போச்சு. இவங்க என் கையை விடவே இல்ல."

அவர்கள் மகனுக்கு ஐந்து வயதானபோது, மச்சானும் நானும் ஒரே கம்பெனி விசாவில் சவூதிக்குப் போனோம். அல்ஹஸா என்கிற ஊர். பாலைவனத்துக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் ஈச்சமரத் தோப்புகள், தோப்புகளுக்குள் வாய்க்கால். எங்களுக்கு வேலை, சமையலறை மேடைக்குக் கல் அறுத்துப் பொருத்தும் ஒரு பட்டறையில். போன முதல் நாளே மேலாளர் எங்கள் இருவரையும் நிற்க வைத்து, ஒருத்தன் உள்ளே அறுக்கிற அறைக்கு, ஒருத்தன் வெளியே வீடு வீடாகப் போய்ப் பொருத்துகிற வேலைக்கு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "எனக்கு வெயில் ஆகாது, நான் உள்ளே இருக்கேன். பையன் வெளியே போகட்டும்" என்று முந்திக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நிழலைத் தனக்கு எடுத்துக்கொண்டு வெயிலை என் தலையில் கட்டிவிட்டாரே என்று. சாயங்காலம் நான் கருகித் திரும்பும்போது அவர் தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளையாக, மாவு மில்லில் வேலை செய்தவர்போல வருவார். குளித்தால் போய்விடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தோலில் இருந்தது போய்விட்டது.

இரண்டாம் வருடத்தின் கடைசியில்தான் காரா மலைக்குப் போனோம். தோப்புகளின் ஓரத்தில் மஞ்சளும் வெளுப்புமாக நிற்கிற சுண்ணாம்புப் பாறை மலை. அதன் வயிற்றுக்குள் குகைகள் இருக்கின்றன, வெளியே எவ்வளவு கொதித்தாலும் உள்ளே குளிரும் என்று பட்டறையின் மலையாளி டிரைவர் சொன்னதிலிருந்து மச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜும்ஆ முடிந்து, டிரைவரின் பிக்கப் வண்டியில் ஏறினோம். வழியெல்லாம் மச்சான் பாஆன் குகையைப் பற்றியே பேசினார். உன் லாத்தாவுக்கு இதைச் சொல்ல வேண்டும், அதைவிட இது பெரிதா சிறிதா என்று கேட்பாள், சரியாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மலையடிவாரத்தில் மண்பானை விற்கிற ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் அவரோடு அரபியில் பேசத் தொடங்கிவிட்டதால் நாங்கள் இருவர் மட்டும் உள்ளே போனோம்.

பாஆன் குகைகள் பெரிய மண்டபம் போன்றவை. இது அப்படி இல்லை. மலை பிளந்து உண்டான சந்துகள். அகலம் ஒரு ஆள் போக. உயரமோ ரங்கூனின் நான்கு மாடிக் கட்டடம் அளவுக்கு. அண்ணாந்து பார்த்தால் மிக உயரத்தில் ஒரு வெள்ளை நூலாக வானம். சந்து திரும்பித் திரும்பிப் போனது. ஒரு திருப்பத்தில் ஒரு அரபுக் குடும்பம் பாய் விரித்து, பிளாஸ்கில் காப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்களுக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். நான் முன்னால் நடந்தேன். ஏற்றமான ஓர் இடத்தில், மச்சானின் காலடிச் சத்தம் கேட்கவில்லையே என்று நின்றேன். அப்போதுதான் இருமல் கேட்டது. அந்தப் பாறைச் சந்தில் ஒரு இருமல் பத்து இருமலாகக் கேட்டது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. திரும்பி ஓடினேன். மச்சான் ஒரு பாறையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். துண்டால் வாயை மூடியிருந்தார். துண்டை மடிப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

"என்ன மச்சான் இது? ரத்தம்!"

"கத்தாதே. அந்த ஆளுங்க இருக்காங்க."

"எத்தன நாளா?"

"மூணு மாசம் இருக்கும்." மூச்சு வாங்கியது. "கிளினிக்ல படம் எடுத்தாங்க. நெஞ்சு பூரா வெள்ள வெள்ளயா இருக்கு. கல்லுத்தூசியாம். எறங்கிப் படிஞ்சிருச்சாம். டாக்டர் ஊருக்குப் போன்னாரு."

"அப்பப் போங்களேன்!"

"பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கு? மேனேஜர்கிட்ட ரெண்டு தடவ போய்க் கேட்டேன். ஒப்பந்தம் முடியட்டும், நாலு மாசம்தானேங்கிறாங்க."

நான் உடனே லாத்தாவுக்குப் போன் போட வேண்டும், ஊரில் யாரையாவது பிடித்து ஏதாவது செய்யச் சொல்ல வேண்டும் என்று என்னென்னவோ பேசினேன். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் குளிர்ச்சியிலும் அவர் கை சுட்டது.

"இங்க பாரு மாப்ளே. அவகிட்ட சொன்னா வான்னுவா. என்னால போக முடியாது. நான் வர முடியாம இங்க கெடக்கேன்னு தெரிஞ்சா அவ சோறு தின்பாளா? புள்ளயப் பாப்பாளா? நாலு மாசம். நானே முழுசாப் போய் நின்னு சொல்லிக்கிறேன். நீ சொல்லாதே. வல்லாஹி சொல்லு."

நான் சொல்லவில்லை. அவர் விடவில்லை. "சொல்லு. என்ன ஆனாலும் சொல்லமாட்டேன்னு சொல்லு." அந்தச் சந்துக்குள், அல்லாஹ்வின் மேல் ஆணையாக, லாத்தாவிடம் சொல்லமாட்டேன் என்று சொன்னேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பிறகு அவர் துண்டின் சுத்தமான முனையால் முகத்தைத் துடைத்து, தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு, குகை வாசலுக்கு வந்து நின்றார். "ஒரு போட்டோ எடு. உன் லாத்தாவுக்கு." டிரைவரின் கேமராவில் எடுத்தேன். ஊருக்குப் போன ஒருவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தனுப்பினோம்.

அப்போதெல்லாம் ரங்கூனில் கைபேசி எல்லோரிடமும் கிடையாது. லாத்தா இருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு சீனத்து அம்மா இருந்தார். அவர் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுவோம். குகைக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் மச்சான் பேசுவது குறைந்தது. இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு முட்டும். அது அந்தப் பக்கம் கேட்டுவிடும். அதனால் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் தொழப் போயிருக்கிறார் என்று சொல்வேன். அடுத்த வாரமும் அதையே சொல்வேன். ஒரு தடவை லாத்தா சிரித்தாள். "எப்பக் கேட்டாலும் தொழப் போயிருக்காங்க! இங்க இருந்தப்போ நான் கம்பெடுக்கணும் எழுப்புறதுக்கு. அங்க போய் அவுலியா ஆயிட்டாங்களா?" மச்சானுக்கும் அது கேட்டது. அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகும் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார். நான் லாத்தாவிடம் பொருத்துகிற வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன்.

நான்கு மாதம் முடிவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் பட்டறையிலேயே விழுந்தார். அல்ஹஸா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார். அந்தப் பதினொரு நாளும் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும். தலையணைகளை அடுக்கி, முன்பக்கம் ஒரு மேசையில் கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே இருந்தார். கண் மூடுவார், மூடிய உடனே மூச்சுக்காகத் திடுக்கிட்டு விழிப்பார். மனிதனுக்கு மூச்சு விடுவதே ஒரு வேலையாக, வேறு எதையும் செய்ய விடாத வேலையாக ஆகிவிடுவதை நான் அங்கேதான் பார்த்தேன். கடைசி இரண்டு நாள் அவர் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்கு முன்னால் முடிந்தது. மறுநாள் காலை, ஊருக்கு வெளியே, பெயர் எழுதாத கற்கள் நட்ட மணல்வெளியில் அடக்கினோம்.

அங்கிருந்து திரும்பும் வழியிலேயே லாத்தாவுக்குக் கூப்பிட்டேன். அவள் அழுது முடிக்கும்வரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு தெளிவான குரலில் கேட்டாள்: "கஷ்டப்பட்டாங்களாடா?"

"இல்ல லாத்தா. நெஞ்சடைப்பு. தூக்கத்துலயே."

"தூக்கத்துலயா?"

"ஆமா. காலைல பாக்குறப்போ சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தால்தான் நான் பதினைந்து வருடம் வாய் திறக்கவில்லை. சத்தியம் மச்சானோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருக்கலாம்; "நானே போய் நின்னு சொல்லிக்கிறேன்" என்று சொன்னவர் போய் நிற்கவில்லையே. ஆனால் பொய் இப்போது என்னுடையதாகிவிட்டது. அந்தச் சிரிப்பை அவர் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன்.

அதே வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. எங்களோடு பட்டறையில் மெருகு போடும் வேலை செய்த ஒருவர், பர்மாவின் மோல்மீன் ஊர்க்காரர், எங்களைவிட மூத்தவர், மச்சானுக்கு ரங்கூனிலேயே பழக்கமானவர், மச்சானின் துணிமணிகளைக் கட்டும்போது கூட இருந்தார். வெயில் ஆகாது என்று மச்சான் நிழலுக்குப் போனது இப்படியா முடிய வேண்டும் என்று நான் ஏதோ புலம்பினேன். மோல்மீன்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெயில் ஆகாதவர்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊரச் சுத்துனாரா? நீங்க வர்றதுக்கு முந்தின நாளு நான்தான் அவருக்குப் போன்ல சொன்னேன், அறுக்கிற ரூமுக்கு மட்டும் போயிராதீங்க, அங்க இருந்த ஆளு இருமி இருமியே ஊருக்குப் போனான்னு. தெரிஞ்சுதான் போனாரு. ரெண்டு பேருல ஒருத்தன் போயே ஆகணும்ல." நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மறுபடி மறுபடி மடித்தேன். நிழலை எடுத்துக்கொண்டவர் என்று இரண்டு வருடமாக நான் மனதுக்குள் முறைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

ரங்கூனுக்குத் திரும்பி வந்தேன். தின்கன்ஜூன் பகுதியில் வீடு எடுத்து, டைல்ஸ் பதிக்கும் வேலை செய்து, கல்யாணம் செய்துகொண்டேன். லாத்தா மிங்கலா தாங்ஞுன்டில் அதே மூன்றாம் மாடி வீட்டில், தையல் மெஷினில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் தைத்தே மகனை வளர்த்தாள். எங்கள் மக்களில் யார் வீட்டில் மௌத் ஆனாலும் துக்கத்துக்குப் போவாள். தாலி இழந்தவள், கைம்பெண் என்று ஒதுங்கி உட்கார மாட்டாள், அழுகிற பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரங்க கண்காணாத சீமையில போனாங்க. ஆனா தூக்கத்துல, சிரிச்ச முகமாப் போனாங்க. அதுதான் என்னைய இன்னிக்கு வரைக்கும் நிக்க வெச்சிருக்கு" என்று சொல்வாள். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது கேட்கும். நான் செய்த பொய்யில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் மூலமாக வேறு பெண்களும் நிற்கிறார்கள். அதை எப்படிப் பிடுங்குவது?

மகன் என் கண் முன்னே வளர்ந்தான். எனக்கு மருமகன் முறை. தமிழ் புரியும், ஆனால் பதில் பர்மிய மொழியில்தான் வரும். நடுநடுவே மாமா, உம்மா என்ற சொற்கள் மட்டும் தமிழில் நிற்கும். கைபேசி பழுது பார்க்கும் கடையில் வேலை. இருபத்திரண்டு வயது. சென்ற ஆண்டு ஒரு நாள் வட்டார அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து குடும்பப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கும் பெயர்களில் அவன் பெயரும் வந்துவிட்டது என்று தெரிந்தது. அந்தத் தெருவிலிருந்து முன்னால் எடுக்கப்பட்ட ஒரு பையனைப் பற்றி அவன் வீட்டாருக்குத் தகவலே இல்லை. அந்தப் பையனின் தாய் லாத்தாவிடம் சட்டை தைக்கக் கொடுப்பவர். அவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் லாத்தா மகனின் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள், வாசலில் கிடந்தால் ஆள் இருப்பது தெரியுமே என்று.

அப்போதுதான் மோல்மீன்காரர் மறுபடி வந்தார். நேரில் இல்லை, கைபேசியில். அவர் இப்போது மலேசியாவில். ஒரு கல் பட்டறையை நடத்திக்கொண்டிருக்கிறார். சமையலறை மேடைக் கற்கள். பட்டறைக்கு ஆள் வேண்டும், நண்பரின் மகனையே எடுத்துக்கொள்கிறேன், எல்லை கடந்து தாய்லாந்துக்கு வந்துவிட்டால் அங்கிருந்து கூட்டிவர ஆள் இருக்கிறது என்று லாத்தாவிடமே பேசியிருக்கிறார். லாத்தா எனக்குச் சொன்னபோது அவள் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு வெளிச்சம். "அவன் வாப்பா செஞ்ச அதே வேலடா. நல்ல எடம், நல்ல மனுஷன். அவன் வாப்பாவே வழி காட்டுன மாதிரி இருக்கு." நான் மோல்மீன்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன். தூசி எப்படி என்று கேட்டேன். "இப்பெல்லாம் தண்ணி விட்டுத்தான் அறுக்கிறோம் தம்பி. மாஸ்க் இருக்கு. அந்தக் காலம் இல்ல" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவரே இருமினார். நீளமாக. "ஏசி ஒத்துக்கல" என்றார்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில் பஸ் ஏறி மிங்கலா தாங்ஞுன்டுக்குப் போனேன். மூன்றாம் மாடியிலிருந்து தொங்கும் மணிக்கயிற்றைக் கீழே நின்று இழுத்தேன்; லாத்தா சாவியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மேலே போனபோது கரண்டு இல்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சட்டைப் பொத்தான் ஓட்டைகளுக்குக் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மருமகன் தரையில் ஒரு பையை வைத்து, எதைக் கொண்டுபோவது என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். குகையிலிருந்து ஆரம்பித்தேன். துண்டு, ரத்தம், வெள்ளைப் படம், பாஸ்போர்ட், சத்தியம், தொழப் போயிருக்கிறார் என்ற பொய், பதினொரு நாள். தூக்கம் என்று ஒன்று அவருக்கு அந்தப் பதினொரு நாளில் இல்லவே இல்லை என்பதையும் சொன்னேன். அறுக்கிற அறைக்கு அவர் எதற்காகப் போனார் என்பதையும்.

லாத்தா காஜா எடுப்பதை நிறுத்தவில்லை. ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் முடித்த பிறகும் அந்த ஓட்டையை முழுக்கச் சுற்றி முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சிரிச்ச மாதிரி இருந்துச்சுன்னியே?"

"பொய் லாத்தா."

"அதுவும் அவங்க சொல்லச் சொன்னதா?"

"இல்ல. நான்."

மருமகன் எழுந்து நின்றுவிட்டான். "மாமா" என்று தொடங்கி, பர்மிய மொழியில், அப்படியானால் வாப்பா உங்களுக்குப் பதிலாகச் செத்தாரா என்று கேட்டான். ஆமாம் என்று நானும் பர்மிய மொழியிலேயே சொன்னேன். தமிழில் சொல்ல வரவில்லை. லாத்தா அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நூத்துக் கணக்குல பொம்பளைங்ககிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். பிறகு, "எந்திரிச்சுப் போ. என் கண்ணு முன்னாடி நிக்காதே" என்றாள். நான் இறங்கி வந்தேன்.

அடுத்த நாள் பள்ளிவாசல் இமாம் அஜ்ரத்திடம் போய், அல்லாஹ்வின் மேல் செய்த ஆணையை முறித்துவிட்டேன், பரிகாரம் என்ன என்று கேட்டேன். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு என்றார். எங்கள் தெரு முனையில் பத்துப் பேரைத் தேடிப் பிடிப்பது இப்போது ஒரு வேலையே இல்லை; பத்துப் பேரைக் கூப்பிட்டால் முப்பது பேர் வருகிறார்கள். என் மனைவி கோழிக் குழம்பும் சோறும் ஆக்கினாள். அவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரம் ஒரு பகலில் முடிந்துவிட்டது. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியதற்கு என்ன பரிகாரம் என்று அஜ்ரத்திடம் கேட்க எனக்கு நா எழவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை மிங்கலா தாங்ஞுன்டுக்குப் போய்க் கயிற்றை இழுத்தேன். மேலே மணி அடிப்பது கீழே எனக்கே கேட்டது. சாவி இறங்கவில்லை. மூன்றாவது வாரம் மருமகனே என் வீட்டுக்கு வந்தான். மறுநாள் கிளம்புகிறானாம். எங்கே என்று கேட்டேன். மலேசியாவுக்கு, அதே பட்டறைக்கு. நான் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகுமா என்று கத்திவிட்டேன். அவன் தன் தாய் சொன்னதை, அவள் சொன்ன தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னான்: "உம்மா சொன்னாங்க. இங்க எடுத்துட்டுப் போனா, உசுரோட இருக்கானான்னுகூடத் தெரியாது. தூசின்னா இருமல் வரும். இருமுனா எனக்குத் தெரியும். தெரிஞ்சா வாடான்னு கூப்பிடுவேன். பாஸ்போர்ட்ட மட்டும் யார்கிட்டயும் குடுக்காதே. இதான் சொன்னாங்க."

அவனை எனக்குத் தடுக்கத் தெரியவில்லை. தடுத்தால் அவனுக்குக் கொடுக்க என் கையில் வேறு ஊர் இல்லை. பெட்டிக்குள் வைத்திருந்த நல்ல முகமூடிகள் இரண்டு, டைல்ஸ் வெட்டும்போது நான் போடுவது, எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். எல்லையைக் கடக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் லாத்தா சாப்பிட்டாளா என்று தெரிந்துகொள்ளக்கூட எனக்கு வழி இல்லை. கீழ்வீட்டுச் சீனத்து அம்மாவின் மகளிடம் கேட்டேன். மெஷின் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்கிறது என்றாள்.

போய்ச் சேர்ந்த பிறகு மருமகன் எனக்குச் செய்தி அனுப்பினான்: வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உம்மாவைக் கூப்பிடுவேன், மாமாவும் அங்கே இருங்கள், உம்மா ஒன்றும் சொல்லமாட்டார்கள். போனேன். சாவி இறங்கியது. லாத்தா ஒன்றும் சொல்லவில்லைதான். வா என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு கப் தேநீரை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். கைபேசி அடித்ததும் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மெஷின் மேல் வைத்தாள். சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்கவில்லை. "எண்ணு" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். பிறகு மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பர்மிய மொழியில் எண்ண ஆரம்பித்தான், வேகமாக, இடையில் மூச்சு எடுக்காமல். தித், ஹ்னித், தோன், லே, ங்கா. லாத்தா காதைக் கைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இருபது, முப்பது, நாற்பது. குரல் மெலிந்து மெலிந்து கடைசி எண்ணில் காற்றாகப் போனது. அப்புறம் அவன் பெரிதாக மூச்சு வாங்கினான். அவள் சாக்குக்கட்டியை எடுத்து, மெஷின் பலகையின் ஓரத்தில் ஒரு எண்ணை எழுதினாள். பிறகுதான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

இப்படி வெள்ளிக்கிழமை தோறும் நடந்தது. பலகையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்தன. நான் போவேன், தேநீர் வரும், அவன் எண்ணுவான், நான் திரும்புவேன். நாலு மாதம் லாத்தா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை அவன் எண்ணி முடித்து, பேசி முடித்து, வைத்த பிறகு, நான் செருப்பைத் தேடி எழுந்தேன். லாத்தா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பத்தெட்டு" என்றாள்.

யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாமல் நின்றேன். அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள்.

"போன வாரம் அறுபத்தொண்ணு இருந்துச்சு. சளியா இருக்குமோடா?"